தட்டைப் பாதக் காவலர் இருவர்: ஓர் இத்தாலியப் படமும் கொல்லாத அடியும்

மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் எதிர்பார்ப்பது திருமலை, மேல்சித்தாமூர், திறக்கோயில் என்று எங்கள் பக்கத்துச் சமணத் தலங்களைப் பற்றிய கட்டுரை. எழுதியும் வந்திருக்கிறேன். இம்முறை செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நயினார் சார், கல்வெட்டு போதும், பிள்ளைங்களும் படிக்கற மாதிரி ஏதாவது குடுங்களேன்" என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளியை விட்டு, பம்பாயில் அரிசி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து படித்தவன் நான். எனக்கு இதைத்தான் ஆராய வேண்டும், இதை ஆராயக்கூடாது என்று சொல்ல ஆளில்லை. ஆகவே நாற்பது ஆண்டுகளாக என் மனத்தை விட்டு நீங்காத ஒரு போலீஸ் சிரிப்புப் படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

படம் இத்தாலியருடையது. 1977-ல் வந்தது. ஆங்கிலத்தில் 'கிரைம் பஸ்டர்ஸ்' என்று உலகெங்கும் சுற்றியது. இத்தாலியப் பெயர் 'இ துவே சூப்பர்பியேதி குவாஸி பியாத்தி'. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதற்குள் ஒரு சிலேடை இருக்கிறது. இத்தாலியில் போலீஸ்காரரைக் கேலியாகப் 'பியேதிபியாத்தி' என்பார்கள், அதாவது தட்டைப் பாதக்காரர். ரோந்து நடந்து நடந்து உள்ளங்கால் தட்டையாகிவிட்டதாம். ஆகவே படத்தின் பெயர் 'ஏறத்தாழத் தட்டையான இரண்டு அதிபாதங்கள்' என்று பொருள்படும். 'ஏறத்தாழ' என்ற அந்தச் சொல்லில்தான் கதையே அடங்கியிருக்கிறது. இந்த இருவரும் முழுப் போலீஸ்காரர் அல்லர்.

நான் அதைப் பார்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஊரிலிருந்து வந்து சித்தப்பாவின் அரிசிக் கடையில் சேர்ந்திருந்தேன். அப்போது தானியச் சந்தை வாஷிக்குப் போகவில்லை. துறைமுகத்தை ஒட்டி, மஸ்ஜித் பந்தர் பக்கம் இருந்தது. வாராவாரம் ஹப்தா வாங்க ஆள் வருவான். சித்தப்பா அணுவிரதம் பூண்டவர், பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சண்டைக்குப் போகிறவர் இல்லை. ஒரு வாரம் மட்டும் என்னவோ, "இனிமே இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் வந்தார்கள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில் எங்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஹப்தா கொடுத்தோம்.

கையில் மாவுக்கட்டோடு மனம் வெறுத்து உட்கார்ந்திருந்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அழைத்துப் போனேன். அவர் பார்த்த முதல் ஆங்கிலப் படம் அதுதான். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, எனக்கும் பாதிதான். படம் ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது. வேலை கேட்டு வந்த இருவரைத் துறைமுகத்தை வளைத்துப் போட்டிருக்கும் கும்பல் விரட்டப் பார்க்கிறது. பிறகு அந்தக் கும்பல் வாங்குகிற அடி இருக்கிறதே! சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். இடைவேளையில் என் தொடையைத் தட்டி, "டேய் தம்பி, பாத்தியா? அத்தனை அடி வாங்கியும் ஒருத்தன்கூட சாவல. எல்லாம் எழுந்து ஓடறான் பாரு" என்றார். கண்ணில் நீர். திரும்பி வரும்போது பேருந்தில் மெதுவாகக் கேட்டார்: "அடுத்தவன் அடி வாங்கறதப் பாத்து சிரிச்சோமே, அது பாவமாடா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் படத்தைப் பற்றி நான் பிற்பாடு தேடித் தேடித் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கேள்வியால் வந்ததுதான்.

கதை

மாயாமி நகரம். வில்பர் வால்ஷ் என்ற பெருத்த உடம்புக்காரர், மாட் கெர்பி என்ற ஒல்லியான நீலக்கண்காரர். வில்பருக்கு முகத்தில் எப்போதும் கடுப்பு. சோறும் தனிமையும் கிடைத்தால் போதும். மாட்டுக்கு எப்போதும் புன்சிரிப்பு; தலைக்குள் ஏதாவது திட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை கிடைக்காத இருவரும் சேர்ந்து ஒரு பேரங்காடியின் சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்கக் கிளம்புகிறார்கள். தவறான அறைக்குள் புகுந்துவிடுகிறார்கள். அது போலீசுக்கு ஆள் எடுக்கும் அலுவலகம்! திருட வந்தோம் என்று சொல்ல முடியுமா? போலீஸ் வேலையில் சேர வந்தோம் என்கிறார்கள். சேர்த்துக்கொள்கிறார்கள்.

இப்படித் திருடப் போய்க் காக்கிச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படியாவது கழன்றுகொள்ளப் பார்க்கிறார்கள். விட்டபாடில்லை. கேப்டன் மக்பிரைட் இவர்களை நம்பித் தொலைக்கிறார். அந்த வேடத்தில் நடித்த டேவிட் ஹடில்ஸ்டன் அமெரிக்கர்; 1998-ல் வந்த 'தி பிக் லெபோவ்ஸ்கி' படத்தில் பெயருக்குரிய பணக்காரராக வருபவர் இவரே. துறைமுகக் கும்பலால் துன்பப்படும் ஒரு சீனக் குடும்பத்தோடு இருவருக்கும் பழக்கம் ஏற்படுகிறது. அதற்குப் பிறகு தப்பிக்க நினைத்தவர்களுக்கே போக மனம் வரவில்லை. கடைசியில் பந்துருட்டு விளையாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய சண்டை. அவ்வளவுதான் கதை.

நீதி, சட்டம், கடமை என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. காவலுக்கு வந்தவன் பழைய திருடன் என்ற ஒரே முரணை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடுகிறார்கள். இடுப்பில் துப்பாக்கி தொங்குகிறது, வேலை செய்வது கைதான்.

நேப்பிள்சும் வெனிசும்

பெருத்தவராக நடித்தவர் பட் ஸ்பென்சர். இயற்பெயர் கார்லோ பெதெர்சோலி. 1929-ல் நேப்பிள்சில் பிறந்தவர். 1950-ல் 100 மீட்டர் நீச்சலை ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் இத்தாலியர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் தம் நாட்டுக்காக நீந்தியவர். திரையில் மலைபோல் நகரும் அந்த உடம்பு ஒரு காலத்தில் தண்ணீரில் மீனாய்ப் போனது என்பதை அறிந்தபின் அவர் நடையைப் பார்த்தால், அதில் ஓர் அளவு இருப்பது புரியும். விமானம் ஓட்டவும் கற்றவர். 1981-ல் சொந்தமாக ஒரு சிறு விமான நிறுவனமே தொடங்கினார்.

ஒல்லியானவர் டெரன்ஸ் ஹில். இயற்பெயர் மரியோ ஜிரோத்தி. 1939-ல் வெனிசில் பிறந்தவர். தாயார் ஜெர்மானியர். உலகப் போரின் பிற்பகுதியை டிரெஸ்டன் நகருக்கு அருகே லொம்மாட்ஷ் என்ற சிற்றூரில், தாய் வழியினரோடு சிறுவனாகக் கழித்தவர். பன்னிரண்டு வயதிலேயே படத்தில் நடிக்க வந்தார். விஸ்கோன்டி இயக்கிய 'சிறுத்தை' என்ற பெரும் படத்தில், 1963-ல், சிறு வேடம் ஏற்றிருக்கிறார்.

இத்தாலியை ஒரே நாடாக நாம் நினைக்கிறோம். நேப்பிள்ஸ் தெற்கு, வெனிஸ் வடக்கு. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, ஒருவரை ஒருவர் கேலி செய்வதும் உண்டு. வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொருந்தாத இரண்டு பேரைத் திரையில் பார்த்தபோது இத்தாலியருக்கு உடம்பு வித்தியாசம் மட்டும் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்த ஜோடி அமைந்ததும் ஒரு காலால்தான். 1967-ல் ஜுசெப்பே கொலிட்சி இயக்கிய 'கடவுள் மன்னிப்பார், நான் மாட்டேன்' என்ற குதிரைவீரர் படத்துக்கு வேறொரு நடிகரைத்தான் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அவருக்குப் பாதம் முறிந்துவிட, அந்த இடத்துக்கு ஜிரோத்தி வந்தார். சுவரொட்டியில் அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் விலைபோகும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். பெதெர்சோலி தமக்குப் பிடித்த பட்வைசர் பீரிலிருந்து பாதியும், பிடித்த நடிகர் ஸ்பென்சர் டிரேசியிடமிருந்து பாதியும் எடுத்துக்கொண்டார். ஜிரோத்தி, தயாரிப்பாளர் நீட்டிய பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கிக்கொண்டார். அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

அடியை மாற்றியவர்

இப்போது என் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

'கிரைம் பஸ்டர்ஸ்' படத்தை இயக்கியவர் ஈ.பி. கிளச்சர் என்று திரையில் வரும். அதுவும் மாற்றுப் பெயரே. ஆள் என்சோ பார்போனி. இவர் முதலில் ஒளிப்பதிவாளர். 1966-ல் வந்த 'ஜாங்கோ' படத்துக்குக் கேமரா பிடித்தவர். சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு நாயகன் வருகிற படம் அது. பிணத்துக்குக் கணக்கே கிடையாது. அதன் பிறகு இத்தாலியில் அந்த வகைப் படங்கள் பெருகின. படத்துக்குப் படம் சாவு கூடியது.

சாவைக் கேமரா வழியே அவ்வளவு பார்த்தவர் 1970-ல் தாமே இயக்கிய 'தே கால் மீ டிரினிட்டி' படத்தில் திசையை மாற்றினார். அதே குதிரை, அதே பாலைவனம், அதே தொப்பி. ஆனால் நாயகன் சோம்பேறி, அவரைக் குதிரையே இழுத்துக்கொண்டு வருகிறது. அண்ணன்காரர் திருடன், ஷெரீப் வேடத்தில் ஒளிந்திருக்கிறார். துப்பாக்கி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் உச்சக்கட்டச் சண்டை கைகலப்பாக மாறிவிட்டது. ஸ்பென்சர்–ஹில் ஜோடி புகழ் பெற்றது இதில்தான். மறு ஆண்டே வந்த இரண்டாம் பாகம் இத்தாலியில் மாபெரும் வசூல் கண்டது. ஏழு ஆண்டு கழித்து அதே பார்போனி அதே இருவரையும் குதிரையிலிருந்து இறக்கி, போலீஸ் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டார். திருடன் காவலன் சட்டையில் ஒளிகிற கருவும் ஷெரீப் அண்ணனிடமிருந்தே வந்தது எனலாம்.

அந்த ஏழு ஆண்டுகள் இத்தாலியில் எப்படிப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களே அதை 'ஈய ஆண்டுகள்' என்று அழைக்கிறார்கள். ஈயம் என்றால் துப்பாக்கிக் குண்டு. 1969 டிசம்பர் 12-ல் மிலான் நகரின் பியாட்சா ஃபொந்தானாவில் ஒரு வங்கிக்குள் வெடித்த குண்டில் 17 பேர் இறந்தனர். 1972-ல் லூயிஜி கலப்ரேசி என்ற போலீஸ் அதிகாரி வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் படம் வந்த மறு ஆண்டு, 1978-ல், முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி 55 நாள் வைத்திருந்து கொன்றார்கள். 1980-ல் பொலோஞ்ஞா ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து 85 பேர் பலியாயினர்.

தெருவில் நடப்பதைத் திரையும் காட்டியது. எழுபதுகளில் இத்தாலியப் போலீஸ் படம் என்றால் ரத்தம். துரத்தல், வங்கிக் கொள்ளை, குழந்தையைப் பணயம் வைத்தல், சட்டத்தை நம்பாத அதிகாரி. இந்த அலையைக் கிளப்பிவிட்ட படங்களில் முக்கியமானது 1972-ல் வந்த 'லா பொலிட்சியா ரிங்கிராட்சியா'. 'போலீஸ் நன்றி கூறுகிறது' என்று பொருள். குற்றவாளிகளை ரகசியமாகத் தீர்த்துக்கட்டும் ஒரு கூட்டம், அதைக் கண்டுபிடிக்கும் நேர்மையான அதிகாரி, அவருக்கு நேரும் முடிவு. பார்த்தால் இரவு தூக்கம் வராது.

அதை இயக்கியவர் யார் தெரியுமா? ஸ்டெனோ என்று பெயர் பெற்ற சிரிப்புப் பட இயக்குநர்! இந்த ஒரு படத்துக்கு மட்டும் சிரிப்புப் பெயரை ஒதுக்கிவைத்து, ஸ்டெஃபானோ வான்சீனா என்ற சொந்தப் பெயரில் கையெழுத்திட்டார். மறு ஆண்டே, 1973-ல், மறுபடியும் ஸ்டெனோவாகி, பட் ஸ்பென்சரை வைத்து 'பியேதோனே' என்ற படத்தை எடுத்தார். பெரும்பாதன் என்று பொருள். நேப்பிள்ஸ் நகர அதிகாரி ரிட்சோ. கையில் துப்பாக்கி எடுக்க மாட்டார். வயிற்றுப்பாட்டுக்குச் சிகரெட் கடத்துகிறவனைக் கண்டும் காணாமல் விடுவார். ஊருக்குள் போதைமருந்து வந்தால் விடமாட்டார். ஒரே ஆள், அடுத்தடுத்த ஆண்டில், போலீசைப் பற்றி உறைய வைக்கும் படமும் எடுத்தார், கட்டிப்பிடிக்கத் தோன்றும் படமும் எடுத்தார். தட்டைப் பாதம், பெரும்பாதம் என்று பாதத்தைப் பிடித்துக்கொண்டு 1977 படம் பெயர் வைத்துக்கொண்டதில் இந்த ரிட்சோவின் நிழலும் உண்டு என்பது என் ஊகம்.

ஸ்டெனோவின் பழைய படம் ஒன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. 1951-ல் மரியோ மொனிசெல்லியோடு சேர்ந்து இயக்கிய 'குவார்தியே எ லாத்ரி', அதாவது 'காவலரும் கள்வரும்'. ரோமாபுரி இடிபாடுகளில் அமெரிக்கப் பயணி ஒருவருக்குப் போலிப் பழங்காசை விற்கும் ஒல்லித் திருடனாக, நேப்பிள்ஸ் தந்த மகாநடிகர் தொத்தோ. அவரைப் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று மூச்சிரைக்கத் துரத்தும் குண்டுப் போலீஸ்காரராக ஆல்டோ ஃபாப்ரிஸி. திருடனைப் பிடிக்க அவன் குடும்பத்தோடு நட்பு வைக்கப் போய், போலீஸ்காரருக்கு அந்தக் குடும்பத்தின் மீதே பாசம் வந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் சிறைக்குப் போகத் திருடன் தயார், போலீஸ்காரருக்குத்தான் கால் வரவில்லை. திருடன் அவரை இழுத்துக்கொண்டு போகிறான். போலீசை இப்படிக் காட்டலாமா என்று தணிக்கையில் அந்நாளில் தடங்கல் வந்தது. பிறகு 1952-ல் கான் விழாவில் அதன் திரைக்கதைக்குப் பரிசே கிடைத்தது. என்னைக் கேட்டால், நான் இங்கே குறிப்பிடும் படங்களிலெல்லாம் தலைசிறந்தது இதுதான். 'கிரைம் பஸ்டர்ஸ்' இதன் காலடியில் உட்கார வேண்டியதே. ஆனால் குண்டுக் காவலனும் ஒல்லிக் கள்வனும் ஒரே சட்டைக்குள் புகுந்தால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடையாக அதைப் பார்க்கலாம்.

இருவர் இருவராகக் காவலரைக் காட்டுவது இத்தாலியரின் பழைய வழக்கமும்கூட. அங்கே காராபினியேரி என்றொரு காவற்படை உண்டு, 1814-ல் தோன்றியது. இவர்களைப் பற்றி நாட்டில் உலவும் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு எல்லையில்லை. ஏன் இரண்டு பேராகவே போகிறார்கள்? ஒருவருக்குப் படிக்கத் தெரியும், மற்றவருக்கு எழுதத் தெரியும்! கொல்லோடி எழுதிய 'பினோக்கியோ' கதையிலும் மரப்பொம்மைப் பையனை நடுவில் விட்டு இரண்டு காராபினியேரி இட்டுச் செல்லும் இடம் வருகிறது. ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவார் என்று சொல்லிக்கொண்டு, இரண்டு குறையையும் சேர்த்து ரசிப்பது இந்த வேடிக்கையின் வேர். அமெரிக்கர்கள் '48 ஹவர்ஸ்', 'லீத்தல் வெப்பன்' என்று பொருந்தாத ஜோடிப் படங்களை 1982-லும் 1987-லும் எடுத்துப் பெரும்புகழ் பெற்றார்கள். காலத்தால் இவர்கள் முந்தியவர்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அடி எப்படி விழுகிறது

ஸ்பென்சர் அடிக்கும் அடியில் முக்கியமானது, கையை முஷ்டி பிடித்து உச்சந்தலையில் சம்மட்டி போல் இறக்குவது. நிஜத்தில் அப்படி அடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க நேரமிருக்காது. அடி வாங்கினவன் ஒரு கணம் நிற்பான், கண் சுழலும், பிறகு மரம்போல் சாய்வான். ஹில் அடிப்பது குறைவு, விலகுவதே அதிகம். இவர் குனிய, பின்னால் நிற்பவன் வாங்கிக்கொள்வான். சத்தம் பின்னர் சேர்க்கப்பட்டது. கன்னத்தில் விழும் அறைக்கு ஒரு ஒலி, தலையில் விழும் குத்துக்கு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் அடித்தார் என்று சொல்லிவிடலாம், மத்தளம்போல.

அடி கொடுப்பவரைவிட வாங்குகிறவருக்குத்தான் வித்தை அதிகம் வேண்டும். ரிக்கார்தோ பிட்சூத்தி என்பவர் இவர்களுடைய பல படங்களில் அடி வாங்கியிருக்கிறார். ஒரு படத்தில் மேசையோடு போவார், இன்னொன்றில் சுவரைத் தாண்டிப் போவார். அடுத்த படத்தில் தலை வாரி, வேறு சட்டை போட்டு, மறுபடி வாங்க வந்து நிற்பார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை நான்கு வழியில் பிறக்கும் என்கிறார். பிறரை எள்ளுவதால், இளமையால், பேதைமையால், மடமையால். மாட் கெர்பியிடம் இருப்பது இளமை. கும்பலிடம் பேதைமை, எத்தனை முறை வாங்கினாலும் கற்றுக்கொள்ளாத பேதைமை. கேப்டனிடம் எளிதில் நம்பிவிடும் மடமை. எள்ளல் மட்டும் இருவர் வாயிலும் உண்டு, ஆனால் எளியவன் மீது அது விழுவதில்லை. நம் கவுண்டமணி–செந்தில் காட்சிகளில் அடி விழுவது கூட்டாளி மீதே, சின்னவன் மீதே. வில்பர் எவ்வளவு எரிச்சல் பட்டாலும், அந்தச் சம்மட்டி வெளியே இருக்கிற முரடன் தலையில்தான் இறங்குகிறது. நான் கவுண்டமணி ரசிகன்தான், இருந்தும் இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் வேண்டும்.

சித்தப்பா கேட்ட கேள்வி

எங்கள் நூல்களில் இல்லறத்தானுக்கு நேரும் ஹிம்சையை நான்காகப் பிரிப்பார்கள். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. அடுப்பு, துடைப்பம் முதலான வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி; அரிசி வியாபாரி வண்டு புழுவோடு படுகிற பாடு எனக்குத் தெரியும். தன்னையோ தன்னைச் சார்ந்தவரையோ காக்கும்போது நேர்வது விரோதி. துறவிக்கு நான்கும் ஆகாது. இல்லறத்தான் கட்டாயம் விட வேண்டியது முதலாவதை. வில்பரும் மாட்டும் பெரும்பாலும் நான்காவதில்தான் நிற்கிறார்கள் என்று வாதாடலாம். வலியப் போய் வம்புக்கு இழுக்கிற இடங்களும் உண்டு, மறைப்பானேன்.

ஆனால் சித்தப்பா கேட்டது அவர்களைப் பற்றி அல்ல, எங்களைப் பற்றி. தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்ததற்கு உடன்பட்டு மகிழ்வது ஆகிய மூன்றும் வினையே என்பது எங்கள் கொள்கை. அப்படியானால் தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து மகிழ்ந்தவனுக்கும் கணக்கு உண்டு. இதில் சமாதானம் சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் நூல்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற கஷாயங்கள் கலங்கிய மனம் உயிருக்கு ஊறு செய்யும்போதுதான் ஹிம்சை என்று உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் வகுக்கிறார். அன்று சித்தப்பா மகிழ்ந்தது எதற்கு? நாலு பேர் அடி வாங்கியதற்கா, அவர்கள் எழுந்து ஓடியதற்கா? அவர் வாய்விட்டுச் சொன்னது இரண்டாவதைத்தான். தம் கையை முறித்தவர்களைப் போன்றவர்கள் தோற்க வேண்டும், ஆனால் சாகக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து நடக்கிற இடம் பம்பாயில் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் கிடைத்தது. குண்டும் கொலையுமாய் இருந்த அன்றைய இத்தாலியருக்கும் இது கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த விளக்கத்தை நான் அவரிடம் சொல்லும் முன்பே, 1998-ல், சித்தப்பா காலமாகிவிட்டார்.

இரவல் குரல்

மொழி தெரியாமல் எப்படி ரசித்தோம் என்று சிலர் கேட்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. இத்தாலியருக்கே அவை இரவல் குரல்தான்! அங்கே அக்காலத்தில் படமெடுத்தபின் குரலைத் தனியாகச் சேர்ப்பார்கள். இந்த இருவரின் புகழ்பெற்ற படங்களில் ஸ்பென்சருக்குப் பேசியவர் கிளாவ்கோ ஒனொராத்தோ, ஹில்லுக்குப் பேசியவர் பீனோ லொக்கி. உடம்பு ஒருவருடையது, குரல் வேறொருவருடையது. ஜெர்மனியில் ரைனர் பிராண்ட் என்பவர் மூலத்தில் இல்லாத நையாண்டிகளைச் சேர்த்து மொழிமாற்றம் செய்து, அந்த வசனத்துக்கென்றே தனி ரசிகர்களை உண்டாக்கினார். ஷ்வேபிஷ் க்மூண்ட் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு நீச்சல் குளத்துக்கு 2011-ல் பட் ஸ்பென்சர் பெயரையே வைத்தார்கள். அவர் இளமையில் நீந்திய ஊர் அது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 2017-ல் அவருக்குச் சிலை எழுந்தது. ஒரு நேப்பிள்ஸ்காரருக்கு இவ்வளவு சொந்தம்.

1985-ல் 'மாயாமி சூப்பர்காப்ஸ்' என்று இருவரும் மறுபடி போலீஸ் வேடத்தில் வந்தார்கள். சுரத்தில்லை. வயது தெரிந்தது, பார்போனியும் இயக்கவில்லை. 1994-ல் கடைசியாக ஒரு படம் சேர்ந்து செய்தார்கள். ஹில் பிற்காலத்தில் 'தோன் மத்தேயோ' என்ற தொலைக்காட்சித் தொடரில், காராபினியேரியை முந்திக்கொண்டு துப்புத் துலக்கும் பாதிரியாராக 2000-லிருந்து 2022 வரை நடித்தார். அடி இல்லாத துப்பறிவாளர்! ஸ்பென்சர் 2016 ஜூன் 27-ல் ரோமில் காலமானார். தங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை என்று அவர் பேட்டிகளில் சொல்வது வழக்கம்.

இப்போது என் மகள் வயிற்றுப் பேரன், ஒன்பது வயது, இந்தப் படங்களைக் குறுந்தகட்டில் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்குத் தமிழைவிட மராத்தியும் ஆங்கிலமும் சரளம். போன வாரம் ஒரு சண்டைக் காட்சியை நிறுத்தச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டான். "தாத்தா, இந்த மாமா அந்தப் படத்துலயும் அடி வாங்கினாரே? இவருக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றான். ஒன்றும் ஆகவில்லை, இது அவருடைய உத்தியோகம் என்றேன். அந்த மாமா மொத்தம் எத்தனை முறை விழுந்து எழுந்தார் என்று எண்ண ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். தலைப்பை மட்டும் தமிழில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். 'அடி' என்பதை 'ஆடி' என்று எழுதி வைத்திருக்கிறான், இன்னும் திருத்தவில்லை.